எத்தனை ஜூலை மிச்சம் இருக்கு? பேஸ்பால் ட்ரேட் கால்குலேட்டர் ஆப் ஒன்ன ஒரு சீசன் முழுக்க யூஸ் பண்ணிப் பாத்தேன்

மொதல்லயே சொல்லிடுறேன், ஆப் பேரு இங்க போடல. நடத்துறவங்க சின்ன டீம், நான் குறையும் சொல்லப் போறேன், அவங்க பொழப்புல கை வைக்க எனக்கு மனசு வரல. ஆனா இந்த மாதிரி ஆப் வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிற நம்மாளுங்க கொஞ்சப் பேர் இருக்கீங்கன்னு தெரியும், அவங்களுக்காகத்தான் எழுதுறேன்.

நான் இருக்குறது சான் டியாகோ. ஒன்பது வருசமா எங்க ஊரு பேஸ்பால் டீம் பேட்ரேஸ்னா உசிரு. எங்க ஜிஎம் (டீமுக்கு ஆள் சேக்குற ஜெனரல் மேனேஜர்) ஏ.ஜே. ப்ரெல்லர் ஒரு ட்ரேட் பைத்தியம். ட்ரேட்னா ரெண்டு டீம் ப்ளேயர்ஸ மாத்திக்கிறது, சீசன் நடுவுல அதுக்கு டெட்லைன் ஜூலை கடைசிய ஒட்டி வரும், அந்த வாரம் வந்தா எங்க யாருக்கும் தூக்கம் கிடையாது. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல ஒரு நண்பர், அவர் வாஷிங்டன் நேஷனல்ஸ் ரசிகர். 2022-ல ஹுவான் சோட்டோவ நாங்க அவங்ககிட்ட இருந்து வாங்கினதுல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வாக்குவாதம்தான், யாரு யார ஏமாத்துனாங்கன்னு. 2025 மார்ச்சுல அவர் ஒரு நாள் போன நீட்டி "இந்தா, இதுல போட்டுப் பாரு"ன்னாரு. அதுதான் இந்த ஆப். மாசம் 5 டாலர், மொதல் வாரம் ஃப்ரீ.

என்ன பண்ணும்னா, ரெண்டு டீம செலக்ட் பண்ணி ரெண்டு பக்கமும் ப்ளேயர்ஸ இழுத்துப் போட்டா, தராசு மாதிரி எந்தப் பக்கம் எவ்வளவு கனம்னு காட்டும். கணக்கு எப்படின்னு ஒரு பக்கத்துல தெளிவா எழுதி வச்சிருக்காங்க, அது எனக்குப் பிடிச்சுது. ஒரு ப்ளேயர் இன்னும் எத்தனை வருசம் அந்த டீம் கையில இருப்பான், அத்தனை வருசத்துல எவ்வளவுக்கு ஆடுவான், அதுல அவனுக்குக் குடுக்க வேண்டிய சம்பளத்தக் கழிச்சா மிச்சம் என்ன, அந்த மிச்சம்தான் அவன் மதிப்பு. பேஸ்பால் தெரியாதவங்களுக்கு இது விசித்திரமா இருக்கும், ஆனா அங்க ரூல் அப்படி. மேஜர் லீக்ல ஆறு வருசம் முடிக்கிற வரைக்கும் ஒருத்தன் டீமோட கட்டுப்பாட்டுலதான் இருப்பான், மொதல் மூணு வருசம் கிட்டத்தட்ட மினிமம் சம்பளம், 2025-ல அது 7,60,000 டாலர், அப்புறம் மூணு வருசம் ஆர்பிட்ரேஷன்னு சம்பளம் படிப்படியா ஏறும், ஆறு முடிஞ்சாதான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது பிடிச்ச டீமுக்குப் போகலாம். அதனாலதான் இன்னும் மீசை மொளைக்காத மைனர் லீக் பையனுக்கு இவ்வளவு கிராக்கி. சூப்பர் ஸ்டாருக்கு 3 கோடி டாலர் சம்பளம் குடுக்கணும், அந்தப் பையன் அதுல பாதி ஆடுனாக்கூட ஆறு வருசத்துக்குக் கொள்ளை லாபம்.

நான் மொத வேலையா போட்டது சோட்டோ ட்ரேடத்தான், வேற எதப் போடுவேன். பழைய தேதிக்குப் போய் அன்னைக்கு இருந்த மதிப்ப வச்சே பாக்குற வசதி இருக்கு, காசு கட்டுனவங்களுக்கு மட்டும், ஆனா இந்த ஒன்னுக்காகவே 5 டாலர் தகும். 2022 ஆகஸ்ட் 2. நாங்க வாங்கினது சோட்டோ, கூட ஜாஷ் பெல். குடுத்தது சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ராபர்ட் ஹாஸல், ஜேம்ஸ் வுட், ஜார்லின் சுசானா, லூக் வோய்ட். ஏப்ரம்ஸ் 2019 டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க வருசா வருசம் புதுப் பசங்கள வரிசையா எடுக்குறதுல, ஆறாவது ஆளு, கோர் 2017-ல மூணாவது, ஹாஸல் 2020-ல எட்டாவது, அதாவது ஒரு டீம் மூணு வருசம் மோசமா ஆடி சேத்து வச்ச சொத்து மொத்தத்தையும் ஒரே மத்தியானத்துல தூக்கிக் குடுத்தாச்சு. தராசு வாஷிங்டன் பக்கம் லேசா சாஞ்சுது, ரொம்ப இல்ல. நண்பர் மொகத்துல ஒரு சிரிப்பு.

ஆனா அந்த விலைய வாஷிங்டன் எப்படிக் கேக்க முடிஞ்சுதுன்னு பாக்கணும். சோட்டோ அப்ப 23 வயசு, 15 வருசத்துக்கு 44 கோடி டாலர் குடுக்குறோம்னு டீம் சொல்லியும் வேணாம்னுட்டான்னு ஜூலைல செய்தி வந்துச்சு. ஃப்ரீ ஏஜென்ட் ஆகுறது 2024 சீசன் முடிஞ்சுதான். அப்ப வாங்குற டீமுக்கு ப்ளேஆஃப் ஆட மூணு அக்டோபர், 2022, 2023, 2024. விக்கிற டீமுக்கும் அவசரமே இல்ல, இன்னைக்குக் கட்டுப்படியாகலன்னா டிசம்பர்ல விப்பேன், இல்ல அடுத்த ஜூலைல விப்பேன். நேஷனல்ஸ் ஜிஎம் மைக் ரிஸோ ஆனை விலை குதிரை விலை சொல்லிட்டு அசையாம உக்காந்துருந்தாரு, உக்கார முடிஞ்சுது. எனக்கு இந்த ஆப்ப வச்சு ஆறு மாசம் நோண்டுனதுல புரிஞ்ச ஒரே பெரிய விசயம் இதுதான், மதிப்புங்கறது ஆப் காட்டுற நம்பர், ஆனா கேக்குற விலைங்கறது விக்கிறவனுக்கு இன்னும் எத்தனை ஜூலை மிச்சம் இருக்குங்கறத வச்சுத்தான். ஆப்புக்கு மொதலாவது தெரியும், ரெண்டாவது தெரியாது.

இன்னொன்னும் தெரியாது. அந்த ட்ரேட்ல எங்க பக்கத்துல இருந்து மொதல்ல போக வேண்டியது எரிக் ஹாஸ்மர், வோய்ட் கிடையாது. ஹாஸ்மர் கான்ட்ராக்ட்ல, இந்தந்த டீமுக்கு என் சம்மதம் இல்லாம அனுப்பக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட் இருந்துச்சு, அதுல வாஷிங்டனும் உண்டு, அவர் முடியாதுன்னுட்டாரு. கடைசி நேரத்துல வோய்ட்ட மாத்திப் போட்டு, ஹாஸ்மர பாஸ்டனுக்கு அனுப்பி, எப்படியோ முடிச்சாங்க. நான் ஆப்புல ஹாஸ்மர வாஷிங்டனுக்கு இழுத்துப் போட்டா ஒரு எச்சரிக்கையும் இல்லாம பச்சை லைட் எரியுது! பத்து வருசம் மேஜர் லீக்ல ஆடி அதுல கடைசி அஞ்சு வருசம் ஒரே டீம்ல இருந்தவனுக்கு எந்த ட்ரேடையும் மறுக்குற உரிமை தானாவே வந்துடும், அது லீக் பூராவுக்கும் பொதுவான விதி, அதையாவது போட்டிருக்கலாம். டிராஃப்ட் பிக் விசயத்துல மட்டும் கரெக்டா தடுக்குது, பேஸ்பால்ல சாதாரண டிராஃப்ட் பிக்க விக்க முடியாது, சின்ன டீமுங்களுக்குக் கூடுதலாக் குடுக்குற காம்பெட்டிட்டிவ் பேலன்ஸ் பிக் மட்டும்தான் கை மாறலாம், நான் வேணும்னே தப்பாப் போட்டுப் பாத்தேன், எடுத்துக்கல.

சரி, 2023-க்கு வாங்க. இது பேசும்போது எனக்கு இன்னும் வலிக்கும். 2022-ல வந்த சோட்டோ மிச்ச சீசன்ல சரியா அடிக்கல, 52 மேட்ச்ல 6 ஹோம் ரன்தான், ஆனாலும் டாட்ஜர்ஸ அவுட்டாக்கி லீக் ஃபைனல் வரைக்கும் போனோம். 2023-ல மனுசன் 162 மேட்ச் ஆடி 35 ஹோம் ரன், 109 ரன் கொண்டு வந்தாரு, டீம்தான் 82 ஜெயிச்சு 80 தோத்து ப்ளேஆஃப் கூட போகல. அந்த வருசம் மே மாசம் எங்க மேட்ச் காட்டுற டிவி கம்பெனி பணம் கட்டாம கைய விரிச்சுது, மாசக் கடைசில லீக்கே ஒளிபரப்ப எடுத்துக்கிச்சு. நவம்பர்ல டீம் ஓனர் பீட்டர் ஸைட்லர் இறந்துட்டாரு, ஊரே அழுதுச்சு, நானும் ஸ்டேடியம் வாசல்ல பூ வச்சுட்டு வந்தேன். சம்பளச் செலவக் குறைச்சே ஆகணும்னு எல்லாருக்கும் தெரியும், சோட்டோவுக்கு 2024 சம்பளம் 3 கோடி டாலருக்கு மேல வரும்னும் தெரியும், கடைசில 3.1 கோடி ஆச்சு. இப்ப விக்கிறது நாங்க. கையில மிச்சம் ஒரே ஒரு வருசம்.

டிசம்பர் 2023, நியூயார்க் யாங்கீஸ். சோட்டோவும் ட்ரென்ட் கிரிஷமும் போனாங்க, மைக்கேல் கிங், ட்ரூ தோர்ப், ஜோனி பிரிட்டோ, ராண்டி வாஸ்கெஸ், கைல் ஹிகாஷியோகா வந்தாங்க. பதினாறு மாசம் முன்னாடி குடுத்ததையும் இப்ப வந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்ப அன்னைக்கு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, அடிமாட்டு விலைக்குத் தள்ளிட்டாங்கன்னு கத்துனேன். ஆப்ல அந்த தேதிய வச்சுப் போட்டேன். தராசு கிட்டத்தட்ட சமம்! நம்பவே முடியல, ரெண்டு தடவ போட்டேன். ஒரு வருசம் மட்டும் மிச்சம் இருக்குற, 3 கோடி சம்பளம் வாங்குற ப்ளேயரோட மிச்ச மதிப்பு அவ்வளவுதான்னு கணக்கு சொல்லுது, அவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். கிங்க அது வரைக்கும் பெரும்பாலும் மேட்ச் நடுவுல வந்து பந்து போடுற ரிலீஃப் பிச்சராத்தான் வச்சிருந்தாங்க, எங்க கிட்ட வந்து 2024-ல மேட்ச ஆரம்பிக்கிற ஸ்டார்ட்டரா 2.95 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன், கம்மியா இருந்தா நல்லது), 201 ஸ்ட்ரைக் அவுட். தோர்ப்ப ஒரு பால் கூட இங்க போட விடல, மார்ச் 2024-ல அவரயும் இன்னும் மூணு பேரயும் சிகாகோ வைட் சாக்ஸுக்குக் குடுத்து டிலன் சீஸ வாங்கினாரு ப்ரெல்லர். அந்த சீஸ் ஜூலை 25-ஆம் தேதி நோ ஹிட்டர் (எதிராளிக்கு ஒரு ஹிட் கூட விடாத மேட்ச்) போட்டாரு, எங்கன்னு நெனைக்கிறீங்க, வாஷிங்டன்ல, நேஷனல்ஸுக்கு எதிரா. அன்னைக்கு என் நண்பர் மதியம் சாப்பிட வரவே இல்ல.

அதே சமயம் ஆப் கோட்ட விட்டதும் அதே ட்ரேட்லதான். கிரிஷம் அன்னைக்கு தராசுல ஒரு பொருட்டே இல்ல, சோட்டோ கூட சேத்து அனுப்புன கொசுறு மாதிரி. 2025-ல யாங்கீஸுக்கு அந்தக் கொசுறு 34 ஹோம் ரன் அடிச்சாரு. இதுக்கு ஆப்ப திட்ட முடியாது, மனுசங்க யாருமே எதிர்பாக்கல. 1987-ல டெட்ராய்ட், டாயில் அலெக்ஸாண்டருக்காக ஜான் ஸ்மோல்ட்ஸ்னு ஒரு இருவது வயசுப் பையனக் குடுத்துச்சு, அலெக்ஸாண்டர் அந்த சீசன் 9 ஜெயிச்சு ஒன்னு கூடத் தோக்கல, டீம் டிவிஷன ஜெயிச்சுது, ஸ்மோல்ட்ஸ் பின்னாடி அட்லான்டால ஆடி ஹால் ஆஃப் ஃபேம் போயிட்டாரு. எந்தத் தராசுல இத நிறுப்பீங்க.

ஜூலை கணக்கு எனக்குப் புரிஞ்சதும் பழைய கேஸ் எல்லாத்தையும் அத வச்சே பாக்க ஆரம்பிச்சேன். 2023 ஜூலை, ஷோஹெய் ஒட்டானி, ஏஞ்சல்ஸ். கான்ட்ராக்ட் அந்த சீசனோட முடியுது, அடுத்த ஜூலைங்கறதே கிடையாது. ஆப்ல மதிப்பப் பாத்தா, ரெண்டு மாசத்துக்கே ரெண்டு மூணு நல்ல பையன் வாங்கிருக்கலாம்னு காட்டுது. டீம் விக்க மாட்டோம்னு சொல்லி, எதிர்ப்பக்கமா எட்கர் க்வெரோ, கை புஷ்னு ரெண்டு பசங்களக் குடுத்து லூகாஸ் ஜியோலிட்டோ, ரேனால்டோ லோபஸ்னு ரெண்டு பிச்சர வாங்குச்சு, ஆகஸ்ட்ல வரிசையாத் தோத்துச்சு, அந்த மாசம் முடியுறதுக்குள்ள அவங்க ரெண்டு பேரயுமே யாராச்சும் எடுத்துக்கங்கன்னு வெளிய விட்டுச்சு. ஒட்டானி டிசம்பர்ல டாட்ஜர்ஸ், 70 கோடி டாலர். ஏஞ்சல்ஸுக்குக் கெடச்சது ஒரு டிராஃப்ட் பிக்.

இன்னொரு பக்கம் 2024 ஜூலை, வைட் சாக்ஸ், காரட் க்ரோஷே. அந்த டீம் அந்த வருசம் 121 மேட்ச் தோத்துச்சு, எல்லாரும் வித்துடு வித்துடுன்னு சொன்னாங்க, அவங்க விலையக் குறைக்கல, டெட்லைன் தாண்டிருச்சு. முட்டாள்தனம்னு நானும்தான் நெனச்சேன். ஆனா க்ரோஷே 2026 வரைக்கும் அவங்க கையில, இன்னும் ஜூலை பாக்கி. டிசம்பர்ல பாஸ்டன்கிட்ட கைல் டீல், ப்ரேடன் மான்ட்கோமரி, சேஸ் மைட்ராத், விக்கெல்மன் கான்ஸாலஸ்னு நாலு பேர வாங்கிட்டுத்தான் விட்டாங்க. பாஸ்டனுக்கும் நஷ்டம் இல்ல, க்ரோஷே 2025-ல 18 ஜெயிச்சு 255 ஸ்ட்ரைக் அவுட். ரெண்டு டீமும் செஞ்சது ஒன்னுதான், விக்க மாட்டேன்னு உக்காந்தது. ஒருத்தருக்கு மிச்சம் இருந்துச்சு, இன்னொருத்தருக்கு இல்ல.

ஆப் கைல இருக்கும்போதே லைவ்வா பாத்தது ரெண்டு. 2025 ஜூன் 15, ரஃபேல் டெவர்ஸ், பாஸ்டன்ல இருந்து சான் ஃபிரான்சிஸ்கோ. அன்னைக்கு நைட் ஆப் படுத்துருச்சு, அரை மணி நேரம் தெறக்கவே இல்ல, எல்லாரும் ஒரே நேரத்துல போட்டுப் பாத்துருப்பாங்க போல. தெறந்தப்ப டெவர்ஸ் மதிப்பு ரொம்பக் கம்மியாக் காட்டுச்சு, ஏன்னா 31.35 கோடி டாலர் கான்ட்ராக்ட்ல 25 கோடிக்கு மேல பாக்கி இருந்துச்சு, 2033 வரைக்கும். மொத்தத்தையும் ஜயன்ட்ஸ் ஏத்துக்கிச்சு. இந்த மாதிரி சம்பளச் சுமை கணக்குல ஆப் உண்மையிலேயே கெட்டி, யாரு எவ்வளவு பணம் சேத்துத் தரணும்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, 2021-ல கொலராடோ நோலன் அரெனாடோவ விக்கும்போது கூடவே சுமார் 5 கோடி டாலர் குடுத்து அனுப்புச்சே, அத அதுல போட்டுப் பாத்தா ஏன்னு ஒரு நிமிசத்துல வெளங்கிடும்.

ரெண்டாவது எங்க வீட்டு விசயம். ஜூலை 31, ப்ரெல்லர் மேஸன் மில்லர வாங்குறாரு, கூட ஜே.பி. சியர்ஸ். மில்லர் ஒரு க்ளோசர், கடைசில வந்து மேட்ச முடிச்சுக் குடுக்குற பிச்சர், பந்து 104 மைல் தாண்டும், ஆனா ஒரு மேட்ச்ல ஒரு இன்னிங்ஸ்தான் வருவாரு. குடுத்தது லியோ டி வ்ரீஸ், 18 வயசு ஷார்ட்ஸ்டாப், கூட மூணு பிச்சர்ஸ். தராசு எங்களுக்கு எதிரா தடால்னு கீழ இறங்குச்சு, இவ்வளவு செவப்பு நான் பாத்ததே இல்ல. நண்பர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புனாரு. நான் பதில் போடல, மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. ஆனா மில்லர் 2029 வரைக்கும் எங்க கையில, விக்கிற டீமுக்கு கொஞ்சமும் அவசரம் இல்ல, அவங்க ஒரே பேரத்தான் கேட்டிருப்பாங்க, டி வ்ரீஸ் இல்லன்னா போன வை. துண்டு போட்டு மூடி விரலத் தொட்டு விலை பேசுற எடத்துல, எதிராளி ஒரே விரலப் புடிச்சுட்டு விடாம நின்னா ஒன்னு குடுக்கணும், இல்ல எந்திரிச்சுப் போகணும். ப்ரெல்லர் எந்திரிச்சுப் போற ஆளு இல்ல. அக்டோபர்ல சிகாகோ கப்ஸ்கிட்ட தோத்துட்டோம்தான், ஆனா அந்த சீரிஸ்ல மில்லர் 104.5 மைல்ல ஒரு பந்து போட்டாரே, அத டிவில பாத்தப்ப எனக்கு டி வ்ரீஸ் ஞாபகம் வரல. டி வ்ரீஸ் இருபத்தஞ்சு வயசுல எப்படி ஆடுவான்னு நெனச்சா ராத்திரி மட்டும் வருது.

குறைங்க. மறுக்குற உரிமை இல்லங்கறத மேலயே சொன்னேன். மெடிக்கல்னு ஒரு விசயமே அதுல கிடையாது, 2020-ல மூக்கி பெட்ஸ் ட்ரேட் மொதல்ல மூணு டீம் சேந்து பேசுனது, பாஸ்டன் தனக்கு வர வேண்டிய பிச்சர் ப்ருஸ்டார் க்ராட்டரோலோட மெடிக்கல் ரிப்போர்ட்டப் பாத்துட்டு பின்வாங்கினதுல அந்த வடிவமே கலைஞ்சு போச்சு, நெஜத்துல பேரம் ஒடையுற முக்கியமான எடம் அது. காயம்பட்டவங்க மதிப்பு அப்டேட் ஆக ஒரு வாரம் பத்து நாள் ஆகுது, டெட்லைன் வாரத்துல அது ரொம்ப லேட். மூணு டீம் ட்ரேட் போன்ல போட்டா எழுத்து ஒன்னு மேல ஒன்னு ஏறிடுது, லேப்டாப்லதான் சரியா வருது. அந்த ஆப்லயே மத்தவங்க போடுற ட்ரேட் ஐடியாவெல்லாம் வரும், அதப் படிக்காதீங்க, தராசு சமமா வந்துட்டாப் போதும்னு எங்கயோ இருக்குற அஞ்சு சுமாரான பசங்களச் சேத்து ஒரு ஸ்டாரக் கேப்பாங்க. அஞ்சு சுமாரான ஆள வச்சு எந்த ஜிஎம்மும் ஸ்டார விட மாட்டாரு, 40 பேர் ரோஸ்டர்ல எடம் எங்க இருக்கு.

நான் இப்ப எப்படி யூஸ் பண்றேன்னா, ஒரு நோட்டு வச்சிருக்கேன். ஒரு ப்ளேயர் பேரு அடிபட ஆரம்பிச்சதும் ஆப் காட்டுற மதிப்ப ஒரு பக்கம் எழுதுவேன், இந்தப் பக்கம் டீம் என்ன கேக்குதுன்னு நம்பகமான ரிப்போர்ட்டர்ஸ் சொல்றத தேதி போட்டு எழுதுவேன், நடுவுல மிச்ச ஜூலை எத்தனைன்னு ஒரு நம்பர். ட்ரேட் முடிஞ்சதும் கடைசியா என்ன கை மாறுச்சுன்னு கீழ எழுதுவேன். ஒரு சீசன்ல பதினேழு பக்கம் ஆச்சு. ரெண்டு ஜூலைக்கு மேல மிச்சம் இருந்தா கேட்ட விலைக்குப் பக்கத்துலயே முடியுது, ஒன்னும் இல்லன்னா ஆப் நம்பருக்குக் கீழயே வந்துடுதுன்னு என் நோட்டுல தெரியுது, பதினேழு பக்கத்துக்கு எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்புங்க.

பேஸ்பால் இப்பத்தான் பாக்க ஆரம்பிச்சிருக்கீங்கன்னா ஃப்ரீ வாரம் போதும், சம்பளம், கட்டுப்பாட்டு வருசம் ரெண்டும் எப்படி வேல செய்யுதுன்னு புரிஞ்சுக்க இதவிட நல்ல வாத்தியார் எனக்குக் கெடைக்கல. ஃபேன்டஸி லீக் ஆடுறவங்க வாங்காதீங்க, அந்தக் கணக்கே வேற. என்ன மாதிரி ஒரு டீம் மேல பைத்தியமா இருக்குறவங்க ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மூணு மாசம் கட்டுங்க, 15 டாலர், அப்புறம் நவம்பர் டிசம்பர்ல ஒரு தடவ. வருச சந்தா வேணாம், ஏப்ரல்ல தெறக்கக்கூட மாட்டீங்க. அஞ்சுக்கு மூணரை குடுக்குறேன்.

மறுக்குற உரிமை லிஸ்ட்டச் சேக்கச் சொல்லி அவங்களுக்கு மெயில் போட்டேன், ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, அடுத்த டெட்லைனுக்குள்ள போட்டுடுறோம்னு. வந்தா ஒரு அரை மார்க்கக் கூட்டி இங்கயே மாத்தி எழுதுறேன். நண்பர் சந்தாவ நிறுத்திட்டாரு, வுட் 2025-ல 31 ஹோம் ரன் அடிச்சதுக்கு அப்புறம் அவருக்குத் தராசு தேவைப்படலயாம்.